அலைன்மெண்ட் ரிப்போர்ட் பச்சையாக இருந்தும் முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்வது ஏன்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். முன்சக்கர இயக்கமுள்ள ஹேட்ச்பேக், ஓடியது 50,000 கி.மீ.யை நெருங்குகிறது. புதிதாகப் போட்ட முன் டயர்கள் இரண்டும் 15,000 கி.மீ.க்குள் உள்விளிம்பில் மட்டும் வழித்துப்போய், இடது டயரில் கம்பியே தெரிகிறது. வெளிப்பக்கம் இன்னும் பாதிக்கு மேல் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) இருக்கிறது. இதற்கிடையில் மூன்று தடவை அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தை அளந்து சரிசெய்வது) பார்த்திருக்கிறீர்கள். மூன்று ரிப்போர்ட்டிலும் கடைசியில் எல்லாக் கட்டமும் பச்சை. ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்தாலும் வண்டி நேராகப் போகிறது. ஒரு கடைக்காரர் டயர் தரமில்லை என்கிறார், இன்னொருவர் சஸ்பென்ஷனை முழுக்க மாற்றச் சொல்கிறார். டயர் மட்டமா, மெஷின் பொய்யா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். சரிசெய்தும் தேய்மானம் ஏன் நிற்கவில்லை, அடுத்த ரூபாயை எதில் போடுவது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பதில் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அலைன்மெண்ட் ராம்ப்பிலும் வண்டிக்கு அடியிலும் பல வருடம் வேலை பார்த்தவன் நான். நீங்கள் அனுப்பிய படத்தையும் விவரத்தையும் வைத்து இவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்லலாம், இதற்கு மேல் வண்டிக்கடியில் கை வைத்தால்தான் தெரியும் என்ற எல்லையையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கம்பி தெரியும் டயரில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். மற்ற இடத்தில் எவ்வளவு பட்டன் இருந்தாலும் கணக்கில்லை. கார் டயருக்கு சட்டப்படி குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ.; டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுதான் அந்த அளவு. உங்கள் டயர் அதையெல்லாம் தாண்டி, உள்ளே இருக்கும் எஃகு இழைக்கே வந்துவிட்டது. ஸ்டெப்னி அதே அளவாக இருந்தால் இன்றைக்கே அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, கடைக்குப் போகிற தூரம் மட்டும் ஓட்டுங்கள்.

இப்போது உறுதியாகச் சொல்லக்கூடியது. இரண்டு முன் டயரும் ஏறக்குறைய ஒரே மாதிரி உள்விளிம்பில் தேய்ந்தால், அது டயரின் தரக்குறைவு அல்ல. ரப்பர் மட்டமாக இருந்தால் முழு அகலத்திலும் சீக்கிரம் தேயும். உள்பக்கத்தை மட்டும் தேடிப்பிடித்துத் தேயாது. ஒரு டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய வேண்டுமானால் அந்தச் சக்கரம் போகிற திசைக்கும் அது பார்க்கிற திசைக்கும் வித்தியாசம் இருக்க வேண்டும், அல்லது அது சாய்ந்து நிற்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், வெளியே விரிந்திருந்தால் டோ-அவுட். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ் கேம்பர். மூன்றாவதான காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது சாய்ந்திருக்கும் கோணம்) ஸ்டியரிங்கின் கனத்தையும் வண்டி ஒரு பக்கம் இழுப்பதையும் பாதிக்கும்; டயரை நேரடியாகத் தின்பது அபூர்வம். உங்கள் விஷயத்தில் அதை ஒதுக்கிவிடலாம்.

டயரைத் தின்பதில் டோவுக்கு ஈடு வேறெதுவும் இல்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு சக்கரம் போகிற திசையிலிருந்து ஒரு டிகிரி திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சுமார் 17.5 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. அலைன்மெண்ட் ரிப்போர்ட்டில் ஒரு டிகிரியை 60 நிமிடமாகப் பிரித்துத்தான் போடுவார்கள். 10 நிமிடம் தப்பியிருந்தாலே கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 2.9 மீட்டர், 10,000 கி.மீ. ஓடினால் 29 கி.மீ. டயர் குறுக்கே இழுபட்ட கணக்கு. அந்த நீளம் முழுவதும் உரசலாகப் போவதில்லை, ரப்பர் வளைந்து கொடுத்துக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஆனாலும் 14 அங்குல ரிம்மில் 10 நிமிடம் என்பது ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் வெறும் 1 மி.மீ. வித்தியாசம்தான். கண்ணுக்குத் தெரியாத இந்த அளவு பட்டனில் தெரியும் தேய்மானமாக மாறிவிடும்.

வண்டி நேராகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்வதால்தான் பலர் டயர் போன பிறகு வருகிறார்கள். வண்டியில் பூட்டிய இரண்டு மாடும் ஒரே பலத்தோடு ஆளுக்கொரு பக்கம் விலகி இழுத்தால் வண்டி நேராகத்தான் போகும், மாட்டின் கழுத்துதான் புண்ணாகும். முன் சக்கரங்களும் அப்படித்தான். இடது 15 நிமிடம் வெளியே, வலது 15 நிமிடம் வெளியே என்றால் இரண்டு விசையும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும், ஸ்டியரிங் நடுவில் நிற்கும், கையை எடுத்தாலும் வண்டி விலகாது. தேய்மானம் மட்டும் இரண்டு பக்கமும் சமமாக நடக்கும். முன் சக்கரங்களில் டோவை ஒரு பக்கம் மட்டும் மாற்றினால்கூட வண்டி ஓடும்போது சக்கரங்கள் தாமாகவே சமமாகப் பிரித்துக்கொள்ளும். ஸ்டியரிங் கோணலாக நிற்பது மட்டும்தான் வெளியே தெரியும். ஆகவே நேராகப் போவது டோ சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

டோவா, கேம்பரா என்று பிரித்தறிய உங்கள் உள்ளங்கை போதும். வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, டயரின் மேல் கையை வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகத் தடவுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே தடவுங்கள். கம்பி தெரியும் டயரில் கைவைக்காதீர்கள், கிழித்துவிடும், மற்றதில் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப்பல் மாதிரி சுரசுரப்பாகவும் இருந்தால் அது டோ. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது பட்டன் முனைகள் கையில் தட்டினால் டோ-அவுட். உள்ளிருந்து வெளியே தடவும்போது தட்டினால் டோ-இன். இரண்டு திசையிலும் ஒரே வழுவழுப்பு, ஆனால் உள்பக்கம் சரிவாகத் தேய்ந்திருக்கிறது என்றால் கேம்பர் மேல் சந்தேகம் போகட்டும். நீங்கள் சொல்லும் வேகத்தில், 15,000 கி.மீ.க்குள் கம்பி வரை போயிருக்கிறது என்றால், கேம்பர் மட்டும் இதைச் செய்வது கடினம். ஒரு டிகிரிக்குள் இருக்கும் நெகட்டிவ் கேம்பர் தனியாக டயரை இப்படி அழிக்காது. டோ-அவுட் அடிப்படைக் காரணம், நெகட்டிவ் கேம்பர் இருந்தால் அந்தத் தேய்மானத்தை உள்விளிம்பில் குவித்திருக்கும் என்பதே என் கணிப்பு. கையால் தடவிப் பார்த்துச் சொன்னால் இந்தக் கணிப்பு உறுதியாகும் அல்லது விழும்.

இதில் ஒரு குறுக்குக் கேள்வி இருக்கிறது, அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த 15,000 கி.மீ.க்குள் டயர் ரொட்டேஷன் (முன், பின் டயர்களை இடம் மாற்றிப் போடுவது) செய்தீர்களா? செய்திருந்தால் இன்று முன்னால் இருக்கும் டயர் பின்னால் தேய்ந்து வந்ததாக இருக்கலாம். ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10, டியாகோ போன்ற கார்களில் பின் ஆக்சில் டார்ஷன் பீம் வகை, அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைத்திருக்கும். அதில் டோவையும் கேம்பரையும் திருகி மாற்ற வழியே கிடையாது. பின் சக்கரம் நெகட்டிவ் கேம்பரோடு நிற்பது அதன் இயல்பான அமைப்பு. வண்டி எப்போதாவது பின்பக்கம் நடைமேடை விளிம்பில் பலமாக ஏறி பீம் வளைந்திருந்தால் பின் டயர் தேயும், ரொட்டேஷனில் அது முன்னால் வந்ததும் பழி முன் சக்கரத்தின் மேல் விழும். ரிப்போர்ட்டில் பின் டோவும் கேம்பரும் தனியாக அச்சாகியிருக்கும், அதையும் பாருங்கள். முன் டயர்கள் இடம் மாறவே இல்லை என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

இனி மூன்று ரிப்போர்ட்டுகளுக்கு வருவோம். உங்கள் கையில் இருப்பதிலேயே மதிப்பான சாட்சி அவைதான். எல்லோரும் கடைசிக் கட்டத்தில் இருக்கும் பச்சையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். நீங்கள் முதல் ரிப்போர்ட்டின் 'பிறகு' எண்ணையும், இரண்டாவது ரிப்போர்ட்டின் 'முன்பு' எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியே இரண்டாவதின் 'பிறகு' எண்ணை மூன்றாவதின் 'முன்பு' எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் தடவை சரிசெய்து அனுப்பிய டோ, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அடுத்த தடவை ராம்ப்பில் ஏறியபோது அப்படியே இருந்ததா, நகர்ந்திருந்ததா? இந்த ஒரு கேள்வி உங்கள் பிரச்சினையை இரண்டாக வெட்டிவிடும். நகர்ந்திருந்தால் வண்டிக்கு அடியில் ஏதோ ஒன்று பிடிப்பில்லாமல் இருக்கிறது. எத்தனை தடவை அலைன்மெண்ட் செய்தாலும் ராம்ப்பிலிருந்து இறங்கி சில வேகத்தடைகள் தாண்டியதும் பழையபடி விலகிவிடும். நகரவே இல்லை, ஆனாலும் தேய்ந்தது என்றால் அளந்த விதத்திலோ, வைத்த இலக்கிலோ, ஓடும் சுமையிலோ கோளாறு. மூன்றும் வெவ்வேறு கடை என்றால் மெஷினுக்கு மெஷின் சில நிமிட வித்தியாசம் வருவது சகஜம், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். 10, 15 நிமிடம் ஒரே திசையில், டோ-அவுட் பக்கமாக, ஒவ்வொரு தடவையும் நகர்ந்திருந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

நகர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 50,000 கி.மீ. ஓடிய வண்டியில் நான் முதலில் எதிர்பார்ப்பதும் அதுதான். மிகச் சாதாரணமான காரணம் டை ராட் (ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு) லாக் நட் சரியாக இறுக்கப்படாதது. டோவைத் திருகிச் சரிசெய்துவிட்டு நட்டை அரைகுறையாக இறுக்கினால் கொஞ்சநாளில் நழுவும். இறுக்கும்போதே டை ராட் கொஞ்சம் சுழன்று எண் மாறிவிடுவதும் உண்டு, அதனால்தான் இறுக்கிய பிறகு திரையை இன்னொரு முறை பார்க்க வேண்டும். அடுத்தது டை ராடின் சக்கரப்பக்க மூட்டான டை ராட் எண்ட், அதன் மறுமுனையில் ஸ்டியரிங் ரேக்குக்குள் இருக்கும் ரேக் எண்ட், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட் (பந்து மூட்டு), அந்த ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ். நம் ஊர் வேகத்தடைகளையும் மழைக்குப் பின் வரும் குழிகளையும் அதிகம் வாங்குவது லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்தான். அதன் ரப்பர் கிழிந்துவிட்டால் பிரேக் மிதிக்கும்போது ஆர்ம் பின்னால் தள்ளப்படும், வேகம் எடுக்கும்போது முன்னால் இழுபடும், ஒவ்வொரு தடவையும் சக்கரத்தின் கோணம் மாறும். அது டோ-இன் பக்கம் மாறுமா, அவுட் பக்கம் மாறுமா என்பது அந்தந்தக் காரின் அமைப்பைப் பொறுத்தது. எல்லாக் காருக்கும் ஒரே விதி கிடையாது. மெஷினோ வண்டியை அசையாமல் நிறுத்தி அளக்கிறது. நிற்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும், ரிப்போர்ட் பச்சையாகத்தான் வரும். இதில் மெஷின் பொய் சொல்லவில்லை. ஓட்டத்தில் நடப்பது அதன் கண்ணுக்கு எட்டாது, அவ்வளவுதான்.

இதை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் உங்களை யாரும் சஸ்பென்ஷன் முழுக்க மாற்ற வைக்க முடியாது. சக்கரம் தரையில் இருக்கும்போதே, இன்ஜின் ஓட, ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லி, டை ராட் எண்ட் மேல் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அது தேய்ந்திருந்தால், உறை நகர்ந்த பிறகு தாமதமாக அதனுள் இருக்கும் பந்து நகர்வது கையிலேயே தட்டும். அடுத்து வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் இரு கையாலும் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் டை ராட், ரேக் பக்கம். 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது வரும் ஆட்டம் பேரிங்கிலோ பால் ஜாயிண்டிலோ இருக்கலாம். அப்போது ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுபோனால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது மேலே ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மவுண்ட். புஷ்ஷைப் பார்க்க லிவர் கம்பியை இடையில் கொடுத்து நெம்ப வேண்டும். ரப்பரில் மேலோட்டமான வெடிப்பு இருப்பது கெட்டதற்கு அடையாளமில்லை, ஆர்ம் ரப்பரை விட்டுப் பிரிந்து நகர்கிறதா என்பதே கணக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். மெக்கானிக் ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால் அதன் ஆட்டத்தை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத பாகத்தை மாற்ற வேண்டியதில்லை.

புஷ் மாற்றுவதில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், புதுப் புஷ் சில மாதத்தில் கிழிவதற்கு இதுவே காரணம். வண்டியைத் தூக்கி வைத்திருக்கும்போது லோயர் ஆர்ம் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், சக்கரம் தரையில் பட்டு ஆர்ம் மேலே வரும்போது புஷ்ஷின் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும். போல்ட்டைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போட்டு, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் வந்த பிறகுதான் கடைசி இறுக்கம். சொல்லி வாங்க வேண்டிய வேலை இது. சில கார்களுக்குப் புஷ் தனியாகக் கிடைக்கும், சிலவற்றுக்கு ஆர்மோடு சேர்த்துத்தான் விற்பார்கள். எப்படியானாலும் ஆர்மையோ டை ராடையோ அவிழ்த்து மாட்டிய பிறகு புதிதாக அலைன்மெண்ட் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

வண்டியின் உயரத்தையும் கேட்க வேண்டும். முன் ஸ்பிரிங் தளர்ந்து தாழ்ந்துவிட்டால் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷனில் நெகட்டிவ் கேம்பர் கூடும், டோவும் நகரும். பல கார்களில் அது அவுட் பக்கமாக நகரும்படிதான் அமைத்திருப்பார்கள். எதிர்த்திசையில் இன்னொன்று நடக்கிறது: அடி தட்டுகிறது என்று ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகி உயரத்தை ஏற்றுவது. ஏற்றினாலும் டோ மாறத்தான் செய்யும். பஃபர் போட்ட அன்றே அலைன்மெண்ட் பார்க்காவிட்டால் டயருக்குத்தான் நஷ்டம்.

எண்கள் நகரவில்லை, ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்திலேயே இருக்கின்றன என்றால் பச்சையை நம்பாமல் எண்ணைப் படியுங்கள். பச்சை என்பது கார் நிறுவனம் கொடுத்த வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கான நிறம் மட்டுமே. உதாரணத்துக்கு வரம்பு பூஜ்ஜியத்துக்கு இருபுறமும் 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மைனஸ் 19-ம் பச்சைதான், பூஜ்ஜியமும் பச்சைதான். டயருக்கு இரண்டும் ஒன்றல்ல. மைனஸ் குறி டோ-அவுட்டைக் குறிக்கும். விளிம்பில் நிற்கும் பச்சையை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, டை ராடை இன்னும் கொஞ்சம் திருகுவது பெரிய வேலையும் இல்லை. மெஷினில் உங்கள் காரின் சரியான மாடலும் வருடமும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று ரிப்போர்ட்டின் தலைப்பில் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் தலைமுறை மாறினால் இலக்கு எண் மாறலாம்.

அளக்கும் முறையிலும் பிசகலாம். இன்றைய கேமரா மெஷின்கள் நான்கு சக்கரத்திலும் மாட்டிய பலகைகளைப் பார்த்துக் கோணத்தைக் கணக்கிடுகின்றன. ரிம்மில் அந்தப் பிடி கோணலாக உட்கார்ந்தால் எண்ணும் கோணலாகும். அந்தப் பிழையைக் கழிப்பதற்காகத்தான் வண்டியை முன்னும் பின்னும் உருட்டுகிறார்கள். அதற்கும் முன்னால் நான்கு டயருக்கும் காற்று சரிபார்த்திருக்க வேண்டும். முன் சக்கரங்கள் சுழல்தட்டின் மேல் நடுவாக நிற்க வேண்டும், தட்டின் பூட்டு ஊசி எடுத்திருக்க வேண்டும், வண்டியை அமுக்கி ஆட்டி சஸ்பென்ஷனை இயல்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும், ஸ்டியரிங்கை நடுவில் பூட்ட வேண்டும். ஊசியை எடுக்காமல் டோவைத் திருகினால் டயர் தட்டோடு இழுத்துக்கொண்டு நிற்கும், ராம்ப்பை விட்டு இறங்கியதும் விடுபடும், திரையில் பார்த்த எண் சாலையில் இருக்காது. அவசரமான நாளில் இவற்றில் பல விட்டுப்போகும். வண்டியின் பக்கத்திலேயே நின்று பாருங்கள். நல்ல ஆள் அதைத் தவறாக நினைக்கமாட்டார்.

எப்போதும் ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாக ஓடும் வண்டி, காலியாக நிற்கும்போது எடுத்த அளவில் ஓடுவதில்லை. வாடகை ஓட்டத்துக்கு விட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அதைச் சொல்லி, வரம்புக்குள்ளேயே டோவை இன் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொல்லலாம். எத்தனை நிமிடம் என்பதை உங்கள் மாடலின் வரம்பைப் பார்க்காமல் எழுதுவது பொறுப்பில்லாத காரியம், எழுதமாட்டேன்.

கேம்பர் தப்பியிருக்கிறது என்று ரிப்போர்ட் காட்டினால் ஒரு எச்சரிக்கை. இந்த வகைக் கார்களில் கேம்பரைத் திருகி மாற்ற கம்பெனி வழி வைக்கவில்லை. ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரம் பூட்டியிருக்கும் பாகம்) சேரும் இரண்டு போல்ட்டின் துளையில் இருக்கும் சிறு இடைவெளியைப் பயன்படுத்திக் கொஞ்சம் தள்ளலாம், அல்லது அதற்கென்றே வரும் கேம்பர் போல்ட் போடலாம். பல கடைகளில் இவற்றை விட்டுவிட்டு ஹைட்ராலிக் ஜாக்கியைக் கொடுத்து அழுத்தி வளைத்து 'கேம்பர் எடுத்துவிட்டோம்' என்கிறார்கள். இதற்கு சம்மதிக்காதீர்கள். கேம்பர் தானாகத் தப்பாது. ஸ்பிரிங் தாழ்ந்திருக்கும், ஸ்ட்ரட் வளைந்திருக்கும், ஆர்ம் வளைந்திருக்கும், சப்ஃபிரேம் (ஆர்ம்களைத் தாங்கும் அடிச்சட்டம்) நகர்ந்திருக்கும், அல்லது மவுண்ட் உட்கார்ந்திருக்கும். வளைந்ததை இன்னொரு இடத்தில் வளைத்து ஈடுகட்டினால் எண் சரியாகும், எஃகு பலவீனமாகும். சக்கரத்தைத் தாங்கும் பாகத்தில் அந்தப் பேரம் வேண்டாம். இடதுக்கும் வலதுக்கும் கேம்பர் வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல் இருந்தால் வளைந்த பாகத்தைத் தேடச் சொல்லுங்கள்.

மற்ற சந்தேகங்களைச் சுருக்கமாகத் தள்ளிவிடுகிறேன். காற்று குறைவாக ஓட்டியிருந்தால் இரண்டு விளிம்பும் தேயும், அதிகமானால் நடுப்பகுதி தேயும். உள்விளிம்பு மட்டும் போகாது. நைட்ரஜன் அடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டயரைச் சுற்றி மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரும் பேலன்ஸும் பார்க்க வேண்டும். மலைப்பாதையில் அதிகம் ஓடினால் முன் டயர்களின் வெளிவிளிம்பு தேயும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளையும் வாரம்தோறும் பார்க்கும் வண்டிகளில் அலைன்மெண்ட் சுத்தமாக இருந்தாலும் அது வரும். உங்களுக்கு உள்விளிம்பு என்பதால் பொருந்தாது.

ஆக, பணம் போடும் வரிசை. முதலில் அடிப்பாகச் சோதனை, ஆடும் பாகத்தை மட்டும் மாற்றுவது. பிறகு டயர். கடைசியில், புது டயர் போட்டு, கம்பெனி சொன்ன காற்றழுத்தம் வைத்து, அலைன்மெண்ட். மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டால் நல்லது. புது டயரை முதலில் போட்டுக்கொண்டு 'பாகத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் அந்த டயரின் உள்விளிம்பும் அதற்குள் போய்விடும். இரண்டு டயர் மட்டும் வாங்குவதானால் புதியதைப் பின்னால் போட்டு, பின்னால் இருக்கும் நல்ல டயர்களை முன்னால் கொண்டுவாருங்கள். மழையில் பின்பக்கம் பிடியை இழந்தால் வண்டி சுழன்றுவிடும், அதை ஸ்டியரிங்கால் பிடிப்பது சாதாரண ஓட்டுநரால் ஆகாது. உங்கள் காரில் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்கிச் சுழலாமல் தடுக்கும் ஏற்பாடு) இருந்தால், அலைன்மெண்ட் முடிந்ததும் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரில் பூஜ்ஜியப்படுத்தவும் சொல்லுங்கள்.

சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள இன்னொரு டயர் போகும்வரை காத்திருக்க வேண்டாம். பட்டன் ஆழம் அளக்கும் சின்ன கேஜ் மலிவாகக் கிடைக்கிறது. வேலை முடிந்த அன்றே முன் டயர் ஒவ்வொன்றிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து ஓடோமீட்டர் எண்ணோடு எழுதி வையுங்கள். 2,000 கி.மீ. கழித்து அதே இடங்களில் அளங்கள். மூன்று இடமும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தால் வேலை முடிந்தது, அதன்பின் 5,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ரொட்டேஷன் போதும். உள்பக்கம் மட்டும் அரை மில்லிமீட்டராவது கூடுதலாகக் குறைந்திருந்தால் டோ மறுபடி விலகுகிறது. ஏற்கெனவே ரம்பப்பல்லாகத் தேய்ந்த பழைய டயரை வைத்துப் புது அலைன்மெண்டை எடைபோடாதீர்கள். அதன் இரைச்சலும் உருவமும் கோணம் சரியான பிறகும் நெடுநாள் அப்படியேதான் இருக்கும்.

மூன்று ரிப்போர்ட்டிலும் உள்ள முன் டோ, முன் கேம்பர், பின் டோ ஆகியவற்றின் 'முன்பு', 'பிறகு' எண்களையும், அந்தந்தத் தேதியில் ஓடோமீட்டர் காட்டியதையும், டயரைத் தடவிப் பார்த்ததில் எந்தத் திசையில் தட்டியது என்பதையும் எழுதுங்கள். நகர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை அந்த எண்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். எந்தப் பாகம் என்பதை மட்டும் வண்டிக்கு அடியில் போகிற ஆள்தான் சொல்ல வேண்டும்.